கனடாவில் இவர் வளர்க்கும் கோர்ன் ஸ்னேக், இனிச் சாப்பாடு வைப்பது நானாம்

உவர்மலை வாணி:
எல்லோருக்கும் வணக்கம். விசா வந்துவிட்டது, அடுத்த மாதம் நானும் மகளும் ரொறன்ரோ போகிறோம். அதுவரைக்கும் சந்தோஷம். பிரச்சினை என்னவென்றால் இவர் அங்கே தனியாக இருந்த காலத்தில் ஒரு பாம்பு வாங்கி வளர்த்திருக்கிறார். கோர்ன் ஸ்னேக்காம். செம்மஞ்சள் நிறம், நாலடி இருக்கும், வீடியோ கோலில் கையில் சுற்றிக்கொண்டு காட்டுகிறார், மகள் பக்கத்தில் நின்று துள்ளுகிறாள், எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இவருக்கு இரவு வேலை, பகலில் நித்திரை. ஆகவே நான் போனபிறகு அதற்குச் சாப்பாடு வைப்பது, தண்ணீர் மாற்றுவது எல்லாம் என் பொறுப்பாம். "ஒன்றும் இல்லையப்பா, கிழமைக்கு ஒரு எலி, அவ்வளவுதான்" என்கிறார். எலி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பிரிட்ஜில் என்றார்.

நான் பிறந்து வளர்ந்தது திருகோணமலையில்தான். விறகுக் குவியலுக்குள் புடையன் (கண்ணாடி விரியன்) பார்த்திருக்கிறேன், கிணற்றடியில் சாரை ஓடும். பாம்பென்றால் தள்ளி நில் என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஆள். அது உண்மையாகவே நஞ்சில்லாத பாம்பா? எத்தனை நாளைக்கு ஒருமுறை சாப்பாடு? பால், முட்டை ஏதாவது கொடுத்துச் சமாளிக்க முடியாதா? வெள்ளிக்கிழமை மரக்கறி சமைக்கிற வீடு எங்களுடையது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பகிடி பண்ணாமல்.

மட்டிக்களி மச்சான்:
பகிடி பண்ணக்கூடாது என்றால் நான் ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன். எலி எந்தத் தட்டில்? மீன் தட்டிலா, ஐஸ்கிரீம் தட்டிலா?

ஸ்காபரோ ரதி:
வாணி, நான் லிங்கநகர்ப் பிள்ளை, இப்போது ஸ்காபரோவில். வீட்டில் இரண்டு கோர்ன் ஸ்னேக் இருக்கின்றன, தனித்தனிப் பெட்டியில். முதலில் பயத்தை விடுங்கள். நஞ்சு இல்லை, சுற்றி நெரித்துக் கொல்லும் வகை, அதுவும் எலி அளவுக்குத்தான். கடித்தால் ஊசி கீறிய மாதிரி சின்னச் சின்னப் புள்ளியாக இரத்தம் வரும், சோப் போட்டுக் கழுவினால் சரி.

சாப்பாடு. இவர் வைத்திருப்பது நாலடி என்றால் அது வளர்ந்த பாம்பு. அதற்கு 10 முதல் 14 நாளைக்கு ஒருமுறை ஒரு வளர்ந்த சுண்டெலி காணும். கிழமைக்கு ஒன்று என்பது வளர்கிற குட்டிக்குச் சரி, பெரிய பாம்புக்கு அப்படியே கொடுத்தால் கொழுத்துவிடும். அளவு பார்ப்பதற்குச் சுலபமான வழி, எலியின் தடிப்பு பாம்பின் நடு உடம்பின் தடிப்பைப் போல ஒரு மடங்கு, கூடிப்போனால் ஒன்றரை மடங்குக்குள் இருக்க வேண்டும். விழுங்கி முடிந்ததும் வயிற்றில் லேசான மேடு தெரியலாம், பந்து தெரியக்கூடாது.

கடையில் உறைந்த எலிதான் விற்பார்கள், பைக்கற்றில் அளவு போட்டு. கண் திறக்காத பிறந்த குட்டி பிங்கி, மயிர் முளைத்தது ஃபஸி, அதற்கு மேல் ஓடித்திரிகிற குட்டி, பிறகு வளர்ந்தது. முட்டையிலிருந்து வந்த பாம்புக்குட்டி பென்சிலை விட மெல்லியது, அதற்குப் பிங்கி ஒன்று, 5 முதல் 7 நாளைக்கு ஒருமுறை. பாம்பு பெருக்கப் பெருக்க எலியின் அளவு கூடும், இடைவெளியும் கூடும்.

பாலும் முட்டையும் வேண்டாம். முழு எலிக்குள் எலும்பு, ஈரல், குடல் எல்லாம் இருக்கிறது, அதில்தான் கல்சியம், விற்றமின் எல்லாம் வருகிறது. கோழி இறைச்சித் துண்டு வெட்டிக் கொடுத்தால் அதில் பாதி இல்லை. எலியே கொடுக்க மனமில்லை என்றால் பாம்பு வளர்க்க முடியாது, அதை இவருக்கு இப்போதே சொல்லிவிடுங்கள்.

உவர்மலை வாணி:
நன்றி அக்கா. உறைந்த எலியை அப்படியே போடுவதா? சூடாக்குவதா? மைக்ரோவேவ் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஸ்காபரோ ரதி:
மைக்ரோவேவ் கூடவே கூடாது. வெளியே வெந்து உள்ளே ஐஸ்கட்டியாக இருக்கும், சிலவேளை வெடிக்கும். முதல்நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து மூடியுள்ள டப்பாவில் போட்டு பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். மறுநாள் பின்னேரம், பாம்பு அசைந்து திரிகிற நேரம், சிப் பையில் போட்டுக் காற்றை வெளியே விட்டு மூடி, கை பொறுக்கிற சுடுதண்ணீருக்குள் இருபது நிமிடமளவில் வையுங்கள். கையுறை போட்டு வயிற்றுப் பக்கத்தை அமத்திப் பாருங்கள், உள்ளே கட்டியாகவோ குளிராகவோ இருந்தால் இன்னும் கொஞ்சம். பிறகு டிஷ்யூவால் ஈரத்தை ஒற்றி, நீளமான இடுக்கியால் வாலடியில் பிடித்து, பாம்பின் தலைக்கு ஒரு சாண் தள்ளிக் காட்டுங்கள்.

பிறகு நடப்பதை ஒருதரம் பாருங்கள், பயம் போய்விடும். முதலில் அசையாது. நாக்கு மட்டும் வெளியே வந்து போகும், வேகம் கூடிக்கொண்டே போகும். கழுத்து மெல்ல ஒரு வளைவாக மடியும். அடுத்தது கண்ணுக்குத் தெரியாது, எலி இடுக்கியில் இருக்காது, பாம்பு அதை இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கும். செத்த எலி என்று அதற்குத் தெரியாது, நெரித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கும். பிறகு சுற்றைத் தளர்த்தி மூக்கால் தடவித் தடவித் தலை எங்கே என்று தேடும். தலைப்பக்கமாகத்தான் அநேகமாக விழுங்கும், அப்போதுதான் கால்களும் மயிரும் பின்னால் படிந்து வழிவிடும். இடது தாடை கொஞ்சம், வலது தாடை கொஞ்சம் என்று மாறி மாறி நகர்த்திக்கொண்டு உள்ளே இழுக்கும். முடிந்ததும் பெரிய கொட்டாவி ஒன்று விடும், தாடையைச் சரிசெய்கிறது. அந்த நேரம் கிட்டப் போகாமல் மூடியைப் போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அப்புறம் 48 மணித்தியாலம் தூக்கக்கூடாது. இது முக்கியம். தூக்கினால் கக்கிவிடும்.

மட்டிக்களி மச்சான்:
அக்கா, நான் சாப்பிட்டுக்கொண்டு வாசித்தேன். இனி இந்த இழைக்குப் பின்னேரம் தேத்தண்ணியோடு மட்டும்தான் வருவேன்.

சாம்பல்தீவான்:
நான் இங்கே வீடுகளுக்குள் வரும் பாம்புகளைப் பிடித்துக் காட்டில் விடுகிறவன். கோர்ன் ஸ்னேக் கையில் தொட்டதில்லை, ஆனால் வாணி தங்கச்சி கேட்ட கேள்வியில் ஒரு விஷயம் இருக்கிறது. நம்முடைய பாம்பு அறிவு அங்கே பாதி உதவும், பாதி இடறும்.

உதவும் பகுதி: பாம்பு உங்களைத் தேடிவந்து கடிக்காது, அசைவைப் பார்த்துப் பயப்படும், மேலிருந்து வரும் கையைப் பருந்து என்று நினைக்கும். ஆகவே பக்கவாட்டிலிருந்து மெதுவாகக் கையைக் கொண்டுபோய் நடு உடம்பைத் தாங்கித் தூக்குங்கள். தலையைப் பிடிக்காதீர்கள், வாலைப் பிடித்துத் தொங்கவிடாதீர்கள்.

இடறும் பகுதி: நிறத்தைப் பார்த்துப் பாம்பை முடிவு செய்வது. கோர்ன் ஸ்னேக்கின் முதுகில் செம்பழுப்புத் திட்டுகள், கறுப்புக் கரையோடு இருக்கும். பார்த்தவுடன் இங்கே பிறந்த எவருக்கும் "புடையன்" என்றுதான் மனம் சொல்லும். அதன் சொந்த ஊரான அமெரிக்காவின் தென்கிழக்கிலும் இதே கதைதான், கொப்பர்ஹெட் என்ற விரியன் வகை என்று நினைத்து அடித்துக் கொல்கிறார்கள். பயந்தால் அது சருகுக்குள் வாலை அடித்து நடுக்கும், கிலுகிலுப்பைப் பாம்பின் சத்தம் வரும், அதனாலும் சாகிறது. இங்கே வெங்கிணாந்தி (மலைப்பாம்பு) குட்டியைப் புடையன் என்று அடிக்கிறார்களே, அதேதான்.

பாலையூற்று ஐயா:
பிள்ளைகள், நான் வயதானவன், குறை நினைக்க வேண்டாம். நாகதம்பிரானுக்குப் பால் வைத்து வளர்ந்த சனம் நாங்கள். பாம்பு பால் குடிக்காது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். குடித்ததைக் கண்ணால் கண்டவர்கள் இருக்கிறார்களே?

கிண்ணியா நிஸா:
ஐயா, நான் மிருக வைத்தியம் படிக்கிறேன். கண்டவர்கள் பொய் சொல்லவில்லை. தாகத்தில் கிடக்கும் பாம்பு எந்தத் திரவத்தையும் குடிக்கும். பாம்பாட்டிகள் பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து பிறகு பால் வைத்தால் குடிக்கத்தான் செய்யும். ஆனால் பாலைச் செரிக்கும் வசதி ஊர்வனவற்றின் குடலில் இல்லை, வயிற்றோட்டம் வந்து உடல் இன்னும் நீரிழக்கும். கோயிலில் வைப்பது நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. பெட்டிக்குள் வளர்க்கும் பாம்புக்குத் தண்ணீர் மட்டும்தான்.

வாணி ராத்தா, தண்ணீர்க் கிண்ணம் கனமானதாக, பாம்பு முழுதாகச் சுருண்டு படுக்கக்கூடிய அளவில் இருக்கட்டும். நாளாந்தம் மாற்றுங்கள். சிலவேளை அதற்குள்ளேயே மலம் போகும், அப்போது உடனே கழுவ வேண்டும். திடீரென்று நாள் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது என்றால் ஒன்று பெட்டி அதிகம் சூடு, அல்லது உண்ணி பிடித்திருக்கிறது, அல்லது சட்டை கழற்றப் போகிறது. தண்ணீருக்கு அடியில் மிளகுத்தூள் தூவியதைப் போன்று கறுப்புப் புள்ளிகள் கிடந்தால் உண்ணிதான், வைத்தியரிடம் கேட்டு மருந்து போடுங்கள். நாய்க்குப் போடும் உண்ணி மருந்தை நீங்களாக எடுத்துப் பூசிவிடாதீர்கள்.

உவர்மலை வாணி:
வெப்பத்தைப் பற்றி இவர் ஏதோ தெர்மோஸ்டாட் என்று சொன்னார். வீட்டுக்கே ஹீட்டர் இருக்கிற நாட்டில் பாம்புக்குத் தனியாக என்னத்துக்கு?

ஸ்காபரோ ரதி:
வீட்டு ஹீட்டர் 21, 22 பாகையில் நிற்கும். உங்களுக்கு அது காணும், பாம்புக்குச் செரிக்காது. அதன் உடம்புக்குள் அடுப்பு இல்லை, வெளிச்சூட்டில்தான் எல்லாம் நடக்கிறது. எலியை விழுங்கிவிட்டுக் குளிரில் கிடந்தால் எலி வயிற்றுக்குள்ளேயே அழுகும், பிறகு கக்கும். ஆகவே பெட்டியின் ஒரு பக்கம் 30, 31 பாகை, மறுபக்கம் 23, 24. அதுவாக இங்கேயும் அங்கேயும் போய்த் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். இரவில் கொஞ்சம் இறங்கினால் பரவாயில்லை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஒளிப்பிடம் வையுங்கள், ஒரு பக்கம் மட்டும் வைத்தால் பாம்பு சூட்டையா பாதுகாப்பையா என்று தெரிவு செய்ய வேண்டிவரும், அநேகமாகப் பாதுகாப்பைத் தெரிவு செய்து குளிரில் கிடக்கும்.

ஹீட் மாட் (சூடேற்றும் விரிப்பு) என்றால் பெட்டியின் அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் பிளக்கில் குத்தவே வேண்டாம். அது தறிகெட்டு 40ஐத் தாண்டினால் பாம்பின் வயிறு வெந்துவிடும், அது எழும்பி ஓடும் என்று நினைக்காதீர்கள். கண்ணாடியில் ஒட்டுகிற வட்ட மீற்றர்களை நம்பாதீர்கள், வயருள்ள டிஜிட்டல் ஒன்றை இரண்டு பக்கமும் வையுங்கள்.

கன்னியாப் பெடியன்:
அப்படியென்றால் திருகோணமலையில் வளர்க்க ஒன்றுமே தேவையில்லையே? இங்கே வருடம் முழுக்க 30தானே. எனக்கும் ஒன்று வேண்டும் என்று நெடுநாள் ஆசை. வெளிநாட்டிலிருந்து வருகிற யாரிடமாவது குட்டி ஒன்று சொல்லிவிடலாமா?

சாம்பல்தீவான்:
தம்பி, அந்த யோசனையை இங்கேயே விட்டுவிடு. உயிருள்ள ஊர்வனவற்றை நாட்டுக்குள் கொண்டுவர வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பையில் போட்டுக் கொண்டுவந்தால் கடத்தல். 1937இலிருந்து இருக்கிற சட்டம், பிறகு பலமுறை இறுக்கியிருக்கிறார்கள். சட்டத்தை விட்டாலும், கோர்ன் ஸ்னேக் தப்பினால் என்ன நடக்கும் என்று பார். கரீபியன் தீவுகள் சிலவற்றில் தப்பிய பாம்புகள் பெருகிவிட்டன, அவுஸ்திரேலியாவில் வைத்திருப்பதே குற்றம். அங்கே எலி, பல்லி, மரத்தவளை, குருவிக்குஞ்சு எல்லாம் தின்னும் பாம்பு, இங்கே நம் வளவில் அதற்கு என்ன குறை?

30 பாகை என்றாயே. கச்சான் காற்று வீசுகிற ஜூன், ஜூலையில் இங்கே பகலில் 34, 35. தகரக்கூரை அறைக்குள் இன்னும் கூட. சூடான பக்கம் தானாகக் கிடைக்கும், குளிரான பக்கத்துக்கு எங்கே போவாய்? கரண்ட் போனால் ஏசியும் இல்லை. பாம்புக்குக் குளிர் வந்தால் மந்தமாகக் கிடக்கும், சூடு கூடினால் சாகும்.

கன்னியாப் பெடியன்:
சரி அண்ணை. அப்போ நம்மூர்ச் சாரைக்குட்டி ஒன்றைப் பிடித்து வளர்க்கலாமா? அதற்கும் நஞ்சில்லைதானே. ரதி அக்கா சொன்ன மாதிரியே எலி கொடுக்கலாம்.

சாம்பல்தீவான்:
அதற்கும் இல்லை. காட்டு உயிரைப் பிடித்து வீட்டில் வைத்திருக்க உனக்கு அனுமதி கிடையாது. அதோடு சாரை வேறு சாதி. கோர்ன் ஸ்னேக் தலைமுறை தலைமுறையாகப் பெட்டிக்குள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துப் பழகியது, அதனால்தான் கையில் அமைதியாக இருக்கிறது. சாரை பகலில் திரியும் பாம்பு, இரண்டு மீற்றருக்கு மேல் வளரும், பயங்கர வேகம், அடைத்து வைத்தால் கண்ணாடியில் முட்டி முட்டி மூக்கை உடைத்துக்கொள்ளும். அது சுற்றி நெரிப்பதும் இல்லை, இரையை உடம்பால் நிலத்தோடு அமத்திப் பிடித்து உயிரோடே விழுங்கும். தவளை என்றால் அதற்கு உயிர். செத்த எலியை இடுக்கியில் நீட்டினால் உன் கையைத்தான் கடிக்கும்.

இன்னொன்று, சாரையும் நாகமும் பிணைகிறது என்று இங்கே வருடா வருடம் வீடியோ போடுகிறார்களே, அது இரண்டு ஆண் சாரைகள் பலம் பார்ப்பது. நாகம் அதில் இல்லை. தலைப்புக்கு வெளியே போய்விட்டேன், மன்னிக்கவும்.

அதைவிட முக்கியம், குட்டியைப் பிடிக்கப் போகிறவன் எது சாரைக்குட்டி எது வேறு என்று பிரிக்கத் தெரியாமல்தான் போவான். கடிபட்டால் வெட்டுவது, கட்டுவது, உறிஞ்சுவது எதுவும் செய்யாமல் 1990 அம்புலன்ஸுக்கு எடுத்து, கடித்த கையை அசைக்காமல் பெரியாஸ்பத்திரிக்குப் போ. வளர்க்க ஆசை என்றால் நாயை வளர், தெருவில் எத்தனையோ கிடக்கிறது.

கன்னியாப் பெடியன்:
விளங்குது அண்ணை. அடுத்த தரம் பாம்பு பிடிக்கக் கூப்பிட்டால் நானும் வரலாமா? பார்க்கத்தான்.

சாம்பல்தீவான்:
வீட்டில் கேட்டுவிட்டு வா. சப்பாத்துப் போட்டு வா.

தொக்கியாட்டு வீதி வாசகன்:
நான் டுபாயில் சில வருடம் கோர்ன் ஸ்னேக் வைத்திருந்தேன். ரதி அக்கா சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. இருக்கிற பெட்டிக்குள்ளேயே சாப்பாடு கொடுத்தால், மூடி திறக்கும்போதெல்லாம் சாப்பாடு வருகிறது என்று பழகிக் கையைக் கடிக்கும். வேறு பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றி அதற்குள் கொடுப்பதுதான் சரி என்று எனக்குச் சொல்லித் தந்தார்கள். பெட்டிக்குள் போட்ட மரத்தூளையும் எலியோடு சேர்த்து விழுங்காது.

ஸ்காபரோ ரதி:
தம்பி, அது பழைய முறை, நிறையப் பேர் இப்போதும் சொல்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், சாப்பிட்டு முடித்து இரைவெறி அடங்காமல் இருக்கிற பாம்பை அந்த நேரத்தில் கையால் தூக்கித் திரும்பக் கொண்டுபோக வேண்டும். கடிபடக்கூடிய நேரமே அதுதான். கக்கவும் கூடும். பதிலாக இப்படிச் செய்யலாம்: சாப்பாடில்லாத நாளில் மூடியைத் திறந்ததும் சுருட்டிய கடதாசி ஒன்றால் உடம்பை லேசாகத் தொடுங்கள். அது வந்தால் எலி இல்லை, தூக்கப் போகிறார்கள் என்று கொஞ்ச நாளில் பழகிவிடும். மரத்தூள் பிரச்சினைக்கு எலியைத் தட்டையான ஓடு ஒன்றின் மேல் வைத்துக் கொடுத்தால் சரி. ஒன்றிரண்டு தூள் உள்ளே போனால் அப்படியே வெளியே வரும், காட்டில் அது மேசைவிரிப்புப் போட்டா சாப்பிடுகிறது?

தொக்கியாட்டு வீதி வாசகன்:
கடதாசி முறை எனக்குத் தெரியாது, நியாயமாகத்தான் படுகிறது. ஆனாலும் என் பாம்பு மாற்றிக் கொடுத்து ஒருநாளும் கக்கியதில்லை, அதையும் சொல்லி வைக்கிறேன்.

கிண்ணியா நிஸா:
கக்குவதைப் பற்றி ஒரு குறிப்பு, ஏனென்றால் புதிதாகப் பார்க்கிறவர்கள் இதில்தான் பதறுவார்கள். பாம்பு கக்கினால் உடனே இன்னொரு எலி கொடுக்காதீர்கள். வயிற்றின் அமிலத்தால் தொண்டை புண்ணாகியிருக்கும். 10 முதல் 14 நாள் விட்டு, வெப்பம் சரியா என்று பார்த்து, முந்தியதில் பாதி அளவு எலி. திரும்பவும் கக்கினால் வைத்தியர்.

சாப்பிட மறுப்பது அதைவிடச் சாதாரணம். சட்டை கழற்றும் முன் கண் பால்நீலமாக மங்கும், தோல் நிறம் செத்துப்போகும், அந்த நாட்களில் அநேகம் சாப்பிடாது. சரியாகப் பார்வையும் தெரியாது, ஆகவே தூக்காதீர்கள். கண் திரும்பத் தெளிந்து சில நாளில் சட்டை கழன்றுவிடும். குளிர்காலத்தில் ஆண் பாம்புகள் கிழமைக்கணக்கில் சாப்பிடாமல் கிடப்பதும் உண்டு. எடை குறையாவிட்டால் பயமில்லை. சமையலறைத் தராசு ஒன்று தனியாக வாங்கி மாதம் ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள், கண்ணால் பார்த்து மெலிந்ததா என்று சொல்வது கஷ்டம்.

மூக்கில் நீர்க்குமிழி, வாயைத் திறந்து மூச்சு, மூச்சில் விசில் சத்தம், இந்த மூன்றில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். நுரையீரல் தொற்றாக இருக்கலாம். ஊர்வன பார்க்கிற வைத்தியர் எல்லா இடத்திலும் இல்லை, ராத்தா, போய் இறங்கியதும் வீட்டுக்குக் கிட்ட யார் என்று கேட்டு வையுங்கள்.

உவர்மலை வாணி:
எழுதி வைத்துக்கொண்டேன். சட்டை கழற்றும்போது நான் ஏதும் உதவ வேண்டுமா? இங்கே வேலியில் சாரைச் சட்டை முழுசாகக் கிடக்கும், யாரும் உதவியதாகத் தெரியவில்லை.

ஸ்காபரோ ரதி:
ஊரில் வேலிக்குக் கடல்காற்று உதவி செய்கிறது. கனடாவில் டிசம்பரிலிருந்து வீட்டு ஹீட்டர் காற்றைக் காயவைத்துவிடும், உங்கள் உதடே வெடிக்கும், அப்போது பாம்பின் சட்டை துண்டு துண்டாகப் பிய்ந்து வரும். பெட்டிக்குள் ஈரப்பதம் 40 முதல் 60 வீதம் இருக்க வேண்டும். சாப்பாட்டு டப்பா ஒன்றின் மூடியில் ஓட்டை வெட்டி, உள்ளே ஈரமான பாசி போட்டு வையுங்கள், கண் மங்கிய நாளிலிருந்து அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

கழற்றிய சட்டையை வீசுமுன் விரித்துப் பாருங்கள். காலுறையைக் கழற்றும்போது புரள்வதைப் போல உள்பக்கம் வெளியே வந்திருக்கும். தலைப்பக்கத்தில் இரண்டு கண்மூடியும் (கண்ணை மூடியிருக்கும் கண்ணாடித் தோல்) இருக்கிறதா, வால் நுனி இருக்கிறதா, இது இரண்டும்தான் கேள்வி. வாலில் பழைய தோல் வளையமாக நின்றால் இரத்த ஓட்டம் நின்று நுனி காய்ந்து விழும். வெதுவெதுப்பான ஈரத்துணிக்குள் பாம்பை ஊரவிட்டால் தானாக உரிந்துவிடும். கண்மூடி நின்றுவிட்டால் நகத்தால் கிள்ளாதீர்கள், கண்ணே போய்விடும். அடுத்த சட்டை வரை ஈரத்தைக் கூட்டிப் பாருங்கள், இல்லாவிட்டால் வைத்தியர்.

பெட்டிக்குள் சீடர் மரத்தூள் போடாதீர்கள், அதன் எண்ணெய் மணம் மூச்சுக்கு ஆகாது. அஸ்பன் மரத்தூள் அல்லது தும்புச்சோறு (தேங்காய் மட்டைத் தூள்) நல்லது. இங்கே தும்புச்சோற்றைக் கட்டியாக அமத்தி நல்ல விலைக்கு விற்கிறார்கள், நம்மூரில் அள்ளிக் கொட்டுகிற சாமான்.

மட்டிக்களி மச்சான்:
வாணி அக்கா, ஒரு பெட்டி நிறையத் தும்புச்சோறு கட்டிக்கொண்டு போங்கள், விமானச் செலவு மிச்சம்.

கிண்ணியா நிஸா:
கொண்டுபோக வேண்டாம், மண், செடி சார்ந்த பொருட்களை விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். பகிடிதான், ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

உவர்மலை வாணி:
மகளுக்கு ஏழு வயது. தொட விடலாமா? அவள் இப்போதே பாம்புக்குத் தம்பி என்று பெயர் வைத்துவிட்டாள், கூடவே இன்னொன்றும் வாங்கித் தரவேண்டுமாம், "தனியாக இருந்தால் பாவம்" என்று.

ஸ்காபரோ ரதி:
தொடலாம், பெரியவர் பக்கத்தில் இருந்தால். ஊர்வனவற்றின் உடம்பில் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம், உறைந்த எலியிலும் இருக்கலாம், உறைய வைத்தால் அது சாகாது. ஆகவே தொட்டபிறகு சோப் போட்டுக் கழுவ வேண்டும், முத்தம் கொடுக்கக்கூடாது, பாம்பின் கிண்ணத்தைச் சமையல் சிங்க்கில் கழுவக்கூடாது. தொடமுன்னும் கை கழுவுங்கள், கையில் எலி மணமோ கோழி மணமோ இருந்தால் அதற்குக் கை எது சாப்பாடு எது என்று தெரியாது. ஒரு நேரத்தில் பத்துப் பதினைந்து நிமிடம், கிழமைக்கு இரண்டு மூன்று தரம் காணும். அது உங்களில் பாசம் வைக்காது, பொறுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

இரண்டாவது பாம்பு அதே பெட்டிக்குள் கூடாது. காட்டில் அது தனியாகத் திரிகிற சீவன், தனிமை என்ற கவலை அதற்கு இல்லை. ஒன்றையொன்று விழுங்கிய சம்பவங்களும் உண்டு, குட்டிகளில் கூடுதலாக. கக்கினால், பேதி போனால் எது என்று தெரியாது. ஆணும் பெண்ணுமாக அமைந்தால் வருடா வருடம் 10, 20 முட்டை, அந்தக் குட்டிகளுக்கெல்லாம் பிங்கி வாங்கி முடியாது. இவரிடம் ஒன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஒன்றே 15, 20 வருடம் இருக்கும், மகள் பல்கலைக்கழகம் முடிக்கும்வரை.

பாலையூற்று ஐயா:
20 வருடமா? என் ஆடு கூட அவ்வளவு இல்லையே.

தொக்கியாட்டு வீதி வாசகன்:
மூடியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அது தலை நுழைகிற எந்த இடுக்காலும் முழு உடம்போடு போய்விடும். கண்ணாடித் தொட்டி என்றால் மேல்வலைக்கு இரண்டு பக்கமும் கிளிப், முன்கதவு என்றால் பூட்டு. தப்பினால் வீடெங்கும் ஓடித் தேடாதீர்கள், அறைக்கதவின் கீழ் இடுக்கைத் துவாயால் அடைத்து, பிரிட்ஜின் பின்பக்கம், சோபாவின் அடிப்பக்கம், சூடாக இருக்கிற மின்சாமான்களின் அடி, இப்படிப் பாருங்கள். இரவில் சுவரோரமாகப் போகும், அந்த நேரம் லைட்டை நிறுத்தி டோர்ச்சோடு உட்கார்ந்தால் அகப்படும்.

உவர்மலை வாணி:
இவரிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். தெர்மோஸ்டாட் இருக்கிறதாம், ஒளிப்பிடம் ஒரு பக்கம்தானாம், இரண்டாவது வாங்குகிறேன் என்றார். கிழமைக்கு ஒரு எலி என்பதை நிறுத்திவிட்டார், "அதுதான் கொஞ்சம் குண்டாகத் தெரிந்தது" என்று இப்போது சொல்கிறார். எலிக்குத் தனியாகச் சின்ன ஃப்ரீசர் வாங்கினால்தான் நான் சமையலறைக்குள் வருவேன் என்று சொல்லியிருக்கிறேன், அதில் பேச்சே இல்லை.

கடைசியாக ஒன்று. ஆகஸ்டில் ஊருக்கு வந்தால் மூன்று கிழமை நிற்போம். அப்போது பாம்பை யார் பார்ப்பது?

ஸ்காபரோ ரதி:
வளர்ந்த பாம்பு மூன்று கிழமை சாப்பாடில்லாமல் இருக்கும், ஒன்றும் ஆகாது. புறப்படுவதற்குச் சரியாக முதல்நாள் எலி கொடுக்காதீர்கள், ஒரு கிழமைக்கு முன் கொடுத்து, செரித்து மலம் போனதைப் பார்த்துவிட்டுப் போங்கள். தண்ணீர்தான் மாற்ற வேண்டும், அதற்கு இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது யாரேனும் வர வேண்டும். வருகிறவர் தெர்மோமீற்றர் இரண்டையும் படம் எடுத்து அனுப்பட்டும், கோடையில் பூட்டிய வீடு கொதிக்கும். பாம்புக்குப் பயந்தவர் என்றால் என் வீட்டில் கொண்டுவந்து விடுங்கள், பெட்டியோடு. தெர்மோஸ்டாட்டையும் மறக்காமல் கொண்டுவாருங்கள், என்னிடம் மேலதிகமாக இல்லை.